நேரில் பார்த்தது

‘தெரியாது’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஐம்பத்தெட்டு வயதாகிறது, இன்னும் அந்த ஒரு வார்த்தை பழகவில்லை. டெக்சாஸில் நான் குடியிருக்கும் ரிச்சர்ட்சனில் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் சாப்பாட்டுத் தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்று, “அங்கிள், ஒரு சின்ன டவுட்” என்று ஆரம்பிப்பார். கிரீன் கார்டாக இருக்கும், கூரை ஒழுகுவதாக இருக்கும், பெண்ணுக்குக் காலேஜாக இருக்கும். தெரிந்தாலும் பதில் சொல்வேன், தெரியாவிட்டாலும் சொல்வேன். பாதிக்குப் பாதி சரியாகவும் போய்விடும். அந்தப் பாதிதான் என்னைக் கெடுத்தது.

நான் திருமூர்த்தி. சொந்த ஊர் உடுமலைப்பேட்டை. இங்கே ஒரு டெலிகாம் கம்பெனியில் இருபத்தாறு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். ஆனால் என் வேலைக்காக என்னை யாருக்கும் தெரியாது. எலெக்ட்ரிக் காரில் தொலைதூரம் போகவேண்டுமா, திருமூர்த்தி அங்கிளிடம் பயண ஷீட் வாங்கிக்கொள் என்பார்கள். எங்கள் தமிழ்ச் சங்கத்து வாட்ஸப் குழுவில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் எவன் பேட்டரிக் கார் வாங்கினாலும் சாவி வாங்கிய கையோடு எனக்குத்தான் மெசேஜ் போடுவான்.

ஆப் ஆயிரம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். எங்கே நிறுத்தி எத்தனை பர்சென்ட் ஏற்றவேண்டும் என்று காரே சொல்லும். ஆனால் சார்ஜர் பக்கத்தில் தயிர்சாத டப்பாவைத் திறக்க நிழல் உண்டா என்று எந்தக் கார் சொல்லும்? பாத்ரூம் சுத்தமா, குழந்தைக்குப் பால் கலக்க வெந்நீர் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுப்பார்களா, இருபது மைலுக்குள் இட்லி மாவு விற்கும் கடை இருக்கிறதா? நம் ஆட்கள் சார்ஜ் ஏறும் நேரத்தைச் சாப்பாட்டு நேரமாக வைத்துத்தான் பயணம் போடுவார்கள். காலை இட்லிக்கு ஒரு ஸ்டாப், மத்தியானப் புளிசாதத்துக்கு ஒன்று, நாலு மணி ஃபிளாஸ்க் காபிக்கு ஒன்று. என் ஷீட்டில் அத்தனையும் இருக்கும். கடைசிக் கட்டத்துக்கு ‘நேரில் பார்த்தது’ என்று தலைப்பு. அதில் பச்சையாக ஒரு டிக் போட்டிருப்பேன். அந்த டிக்கைப் பார்த்துத்தான் எல்லோரும் நம்பினார்கள்.

மொத்தம் அறுபத்து மூன்று டிக். அதில் நான் என் கண்ணால் பார்த்த இடம் பதினொன்று.

எப்படி இது ஆரம்பித்தது என்றும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் கார் வாங்கிய புதிதில், கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கும் எங்கள் மகன் கவினைப் பார்க்கக் காரிலேயே போவதென்று கிளம்பினேன். “ஃப்ளைட்ல போயிரலாமுங்க” என்று என் மனைவி எழிலரசி சொன்னாள். கேட்டேனா? மேற்கு டெக்சாஸில் எதிர்க்காற்று அடித்தது. பேட்டரி நான் போட்ட கணக்கை மதிக்காமல் இறங்கியது. முந்தின சார்ஜரில் இன்னும் பத்து நிமிடம் நின்றிருக்கலாம், நான்தான் கௌரவம் பார்த்துக் கிளம்பியிருந்தேன். ஏசியை அணைத்துவிட்டு ஓட்டினேன். எழில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். வேன் ஹார்ன் ஊருக்கு ஏழு மைல் முன்னால் கார் நின்றே விட்டது. கதவுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தன் ஷாலைக் கட்டி, அந்த நிழலில் தரையில் உட்கார்ந்து இரண்டேகால் மணிநேரம் இழுவை வண்டிக்காகக் காத்திருந்தாள். அதற்குமேல் ஓட்ட எனக்கே தைரியமில்லை. எல் பாசோவரை காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போய், ஏர்போர்ட்டில் போட்டுவிட்டு, விமானத்தில் கவினிடம் போனோம். ஐந்து நாள் கழித்து எல் பாசோவுக்குத் திரும்பி வந்து, ஒவ்வொரு சார்ஜரிலும் நின்று நின்று வீடு சேர்ந்தோம்.

காரில் போனதையும் பார்த்தார்கள், காரில் வந்ததையும் பார்த்தார்கள். தீபாவளிச் சாப்பாட்டில் சங்கத் தலைவர் வெள்ளியங்கிரி எல்லோர் முன்னாலும் கேட்டார்: “ஏனுங்க, கலிபோர்னியா வரைக்கும் கார்லயே போயிட்டு வந்துட்டீங்களாமா?”

“ஆமாங்க” என்றேன்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. பக்கத்தில் எழில் கேசரிக் கரண்டியோடு நின்றிருந்தாள். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த தட்டுக்குப் பரிமாறப் போய்விட்டாள். மூன்று வருடத்தில் அவள் அதைப்பற்றி வாயைத் திறந்ததே இல்லை. அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், விஷயம் அன்றே உடைந்திருக்கும்.

ஒரு வார்த்தை சொன்னவனை மேடையில் ஏற்றினார்கள். பொங்கல் விழாவில் இருபது நிமிடம் படம் போட்டுப் பேசினேன். படமெல்லாம் இணையத்தில் யார் யாரோ போட்டவை. பேச்சு சூடு பிடித்ததும், பாலைவனத்தில் ஒன்பது பர்சென்ட்டை வைத்துக்கொண்டு, ஏசியைக் குறைத்து, முப்பத்திரண்டு மைல் தாண்டினேன் என்று வேறு அடித்துவிட்டேன். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அந்தக் கைதட்டலுக்காக இன்னும் நாலு பொய் சொல்லியிருப்பேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஷைனும் ஜெஸ்மியும் அன்று முன்வரிசையில் இருந்தார்கள். மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகள், எங்கள் தெருவுக்கு அடுத்த அப்பார்ட்மென்ட். அப்போது அவர்களுக்குக் குழந்தை இல்லை. இந்த ஜூலையில் ஷைனுக்கு ஃப்ரீமான்ட்டில் வேலை கிடைத்து வீட்டைக் காலி செய்யும்போது, அவர்களுடைய பெண் எலிசாவுக்கு ஏழு மாதம். ஷைன் நேரே என்னிடம்தான் வந்தான்.

எங்கள் டைனிங் டேபிளில் உட்கார்ந்து இரண்டு மாலை திட்டம் போட்டோம். எல் பாசோ, டூசான், ஃபீனிக்ஸ் வரை சாதாரண வழிதான். அதற்கப்புறம் நேரே போனால் லாஸ் ஏஞ்சலஸ் டிராஃபிக்கில் மாட்டவேண்டும். என் மூளை சும்மா இருக்குமா? வடக்கே திருப்பி நீடில்ஸ், அங்கிருந்து பாலைவனத்தின் குறுக்கே பார்ஸ்டோ என்று போட்டேன். அதிலும் ஃப்ரீவேயை விட்டு, பக்கத்தில் ஓடும் பழைய ரோடு. ஆள் நடமாட்டம் கிடையாது, பார்க்க அழகாக இருக்கும் என்று சிபாரிசு வேறு. அந்தப் பழைய ரோட்டில் நீடில்ஸிலிருந்து எழுபது மைலில் ஒரு சின்ன ஊர். பெயர் சொல்லமாட்டேன், அந்த ஊர் ஒரு பாவமும் செய்யவில்லை. அங்கே ஒரு மோட்டலின் பின்னால் சார்ஜர் இருப்பதாக யாரோ ஒருவர் எப்போதோ போட்ட படத்தைப் பார்த்திருந்தேன். படத்தில் ஒரு மரம், அதன் கீழே சிமெண்ட் டேபிள். ‘மரத்தடியில் டேபிள், தயிர்சாதத்துக்கு ஏற்ற இடம்’ என்று எழுதி, பச்சை டிக்கும் போட்டு வைத்திருந்தேன்.

ஜெஸ்மி அதிகம் பேசாத பெண். இரண்டு மாலையிலும் அவள் கேட்டது ஒரே கேள்வி. “அங்கிள், அங்க ஏசி உள்ள ரூம் ஏதாவது உண்டா? பிள்ளைக்குப் பால் கலக்கணும்.”

“எல்லாம் இருக்குதும்மா. நானே பாத்த எடம்” என்றேன்.

சமையலறையில் எழில் தண்ணீர்க் குழாயைத் திறந்தாள். நான் சொல்வது தன் காதில் விழக்கூடாது என்றா, தான் முணுமுணுப்பது எனக்குக் கேட்கக்கூடாது என்றா, இன்றுவரை தெரியவில்லை.

கிளம்பிய அன்று வழியனுப்பப் போனோம். காரின் தலையில் பெரிய பெட்டி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். கிரைண்டரைத் தவிர மற்ற வீடு முழுக்க அதில்தான் இருந்தது என்றான் ஷைன், கிரைண்டர் பின்சீட்டுக் காலடியில். மேலே பெட்டி இருந்தால் காற்று தடுக்கும், பேட்டரி வேகமாக இறங்கும். எனக்குத் தெரியாதா என்ன? என் கணக்கில் பெட்டி இல்லை. எழில் என் காதருகே, “இதையுஞ் சேத்துத்தான் கணக்குப் போட்டீங்களா?” என்றாள். ஊர் நடுவில் நின்றுகொண்டு என் கணக்கைச் சந்தேகப்படுகிறாளே என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு, ஷைனுக்குக் கைகாட்டினேன்.

மூன்றாம் நாள், சனிக்கிழமை, நீடில்ஸிலிருந்து ஷைன் போன் செய்தான். உற்சாகமாக இருந்தான். கார் எண்பத்தைந்து பர்சென்ட் ஏற்றச் சொல்கிறதாம், ஜெஸ்மி தொண்ணூறாவது போட்டுக்கொள்வோம் என்கிறாளாம், என் ஷீட்டில் ஐம்பத்தைந்து போதும் என்று இருக்கிறதே, அதன்படியே கிளம்புவதாகச் சொன்னான். அந்த நேரத்திலாவது பெட்டி ஞாபகம் வந்திருக்கவேண்டும். வழியில் ரோடு மலைமேல் ஏறுவது ஞாபகம் வந்திருக்கவேண்டும். எனக்கு வந்ததெல்லாம் காரைவிட என்னை நம்புகிறான் என்ற குளிர்ச்சிதான். கார் போடுவது பயந்தாங்கொள்ளிக் கணக்கு தம்பி, தைரியமாகக் கிளம்பு என்றேன்.

மறுபடி போன் வந்தபோது எங்களுக்கு மத்தியானம் மூன்றரை. காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஷைனின் குரலில் உற்சாகம் இல்லை.

“அங்கிள், மோட்டல் பூட்டிக் கெடக்கு. கேட்ல சங்கிலி போட்டிருக்கு. சார்ஜர் எந்தப் பக்கம்?”

பின்பக்கம் என்றேன். சுற்றிக்கொண்டு போனார்கள். மண் பாதையில் டயர் கரகரக்கும் சத்தம் போனில் கேட்டது. பின்பக்கமும் ஒன்றுமில்லை என்றான். சிமெண்ட் தரையில் நாலு போல்ட்டு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறதாம். நான் லேப்டாப்பைத் திறந்து வரைபடத்தில் தேடிக்கொண்டே, ஏதோ நினைவிலிருந்து சொல்பவன் போல, இடதுபக்கம் இன்னொரு வழி இருக்குமே என்றேன். அதற்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

“மரமும் இல்ல அங்கிள்” என்றான்.

குற்றம் சொல்லவில்லை அவன். தான் இடம் மாறி வந்துவிட்டோமோ என்றுதான் அவனுக்குச் சந்தேகம். இதே மோட்டல்தானா என்று திரும்பத் திரும்பக் கேட்டான். பேட்டரி எவ்வளவு என்று கேட்டேன். பதினொன்று. வெளியே எவ்வளவு சூடு? நூற்றுப் பன்னிரண்டு டிகிரி ஃபாரன்ஹீட். பின்னால் எலிசா அழுவது கேட்டது.

செய்யவேண்டியது என்ன என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். ஒன்பது மைல் பின்னால், ஃப்ரீவே பிரியும் இடத்தில் ஒரு கேஸ் ஸ்டேஷன் உண்டு. வரைபடத்தில் என் கண்முன்னாலேயே இருந்தது. ஏசி உண்டு, தண்ணீர் உண்டு. திரும்பிப்போய் அங்கே உட்கார்ந்து இழுவை வண்டிக்குச் சொல்லவேண்டும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஷைன் கேட்டான்.

“அங்கிள், நீங்க ஒம்பது பர்சென்ட்ல அடுத்த ஸ்டாப் போனீங்கள்ல? இதே ரோடுதானே? எங்களுக்குப் பதினொண்ணு இருக்கு. போயிரலாமா?”

அடுத்த ஸ்டாப் முப்பத்திரண்டு மைல். என் பொங்கல் பேச்சு.

வேண்டாம் என்றால் ஏன் என்பான். நீங்கள் போனீர்களே என்பான். நான் என்ன சொல்வது? எத்தனை நொடி யோசித்தேன் என்று தெரியாது, காபி டம்ளரின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

“போயிரலாம் தம்பி. ஏசிய மட்டும் கொஞ்சம் கொறச்சுக்கங்க” என்றேன்.

தேங்க்ஸ் அங்கிள் என்று சொல்லி வைத்துவிட்டான்.

திரும்பினால் எழில் நின்றிருந்தாள். முழுக்கக் கேட்டிருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. என்ன அப்படிப் பார்க்கிறாய், மெதுவாகப் போனால் சேர்ந்துவிடுவார்கள், அந்தப் பையன்தான் தலைமேல் அவ்வளவு பெரிய பெட்டியை வைத்து எல்லாக் கணக்கையும் கெடுத்துவிட்டான் என்று நான் கத்தினேன். ஆமாம், கத்தினேன். மோட்டல்காரனைத் திட்டினேன், சார்ஜர் வைத்தவனைத் திட்டினேன். அவள் கத்தவில்லை.

“அந்தப் புள்ள மடியில கொழந்த இருக்குதுங்க. நான் வளந்த பொம்பள, ரெண்டு மணி நேரம் தாங்குனேன். அது தாங்குமா?” என்றாள்.

போனைத் திரும்ப எடுத்தேன். ஷைனுக்குப் போட்டேன். மணி அடிக்கவே இல்லை, நேரே வாய்ஸ்மெயில். ஜெஸ்மிக்குப் போட்டேன், அதுவும் அப்படியே. மறுபடி, மறுபடி. பத்து முறை போட்டிருப்பேன். அந்தப் பழைய ரோட்டில் சிக்னல் கிடையாது. அழகாக இருக்கும் என்று சொன்னேனே, அந்த ரோடு.

அந்தப் பகுதிப் போலீசான கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்தின் நம்பரை எழில்தான் தேடி எடுத்துக் கொடுத்தாள். ஒரு பெண் எடுத்தாள். கார் நிறம், ஆட்கள், குழந்தையின் வயது எல்லாம் கேட்டாள். நிதானமான குரல். அவர்கள் போய்ச் சேரமாட்டார்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்றாள். நான் அவர்களுக்குத் தவறான வழி சொல்லிவிட்டேன் என்றேன். அந்த ரோட்டில் எந்த இடத்தில் நின்றிருப்பார்கள் என்று உங்களால் ஊகிக்க முடியுமா, நீங்கள் அதில் ஓட்டியிருக்கிறீர்களா என்று கேட்டாள்.

“நோ மேடம்” என்றேன். “ஐ ஹேவ் நெவர் பீன் தேர்.”

மூன்று வருடத்தில் முதல்முறையாக அந்த உண்மையை என் வாயால் சொன்னேன், அதுவும் முகம் தெரியாத ஒருத்தியிடம். அவளுக்கு அது ஒன்றுமே இல்லை. ஓகே சார், லைனிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

அதற்கப்புறம் ஒரு மணி இருபது நிமிடம். நான் நடந்தேன், உட்கார்ந்தேன். எழில் சாமி படத்தின் முன்னால்கூடப் போகவில்லை, போனைப் பார்த்தபடி டேபிளிலேயே இருந்தாள். எலிசா என்று பெயர் வைத்த அன்று அந்தக் குழந்தைக்கு நான்தான் வெள்ளிக் கிண்ணம் கொடுத்தேன் என்பது திடீரென்று ஞாபகம் வந்தது. அப்படியே பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

மோட்டலிலிருந்து பதினாறாவது மைலில் கார் நின்றிருந்தது. பேட்டரி தீர்ந்ததும் ஏசி இல்லை. கார் உள்ளே அடுப்பாகிவிடும் என்று ஜெஸ்மி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, காரின் நிழல் விழுந்த ஒரு முழ இடத்தில் உட்கார்ந்து, இருந்த தண்ணீரில் தன் துணியை நனைத்து நனைத்து அதன் உடம்பைத் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஷைன் சிக்னல் தேடி ஒரு மைல் நடந்து, தலைசுற்றித் திரும்பியிருக்கிறான். போலீஸ்காரர் போய்ச் சேர்ந்தபோது குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது. அதுதான் ஆபத்து என்று பிறகு டாக்டர் சொன்னாராம். இன்னும் அரைமணி போயிருந்தால் என்று ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாராம். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். எலிசா பிழைத்துக்கொண்டாள்.

இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஷைனே போன் செய்து சொன்னது. சொல்லி முடித்துவிட்டு அழுதான். இப்போது கேட்கப்போகிறான், கேட்டால் சொல்லிவிடுவது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டேன். அவன் கேட்கவில்லை.

“அங்கிள், நீங்க மட்டும் போலீசுக்குச் சொல்லலன்னா என் பிள்ளை இருந்திருக்க மாட்டா. நாங்க போய்ச் சேரலன்னு அங்க இருந்தே எப்பிடி அங்கிள் கண்டுபிடிச்சீங்க? ரோடு தெரிஞ்ச ஆளுக்குத்தான் அது தெரியும்.”

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போலிருந்தது. நான் சொன்ன பதில், “குழந்தயப் பாத்துக்கங்க தம்பி.” அவ்வளவுதான். எழில் எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

திங்கட்கிழமை ஷைன் குழுவில் எழுதினான். திருமூர்த்தி அங்கிள் எங்களுக்குத் தெய்வம் மாதிரி என்று தொடங்கி இரண்டு பத்தி. பதிலாகக் கும்பிடும் கைப் படங்கள் வந்து குவிந்தன. இரண்டு பேர் அதன் கீழேயே தங்கள் பயணத்துக்கு ஷீட் கேட்டார்கள். வெள்ளியங்கிரி எனக்குத் தனியாகப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் பொன்னாடை போர்த்துவதாக முடிவு செய்திருப்பதாகச் சொன்னார். வேண்டாமுங்க என்றேன். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

போனேன். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒரு வாரம் நேரம் இருந்தது, ஒரு போன் போட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெள்ளைச் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். லைப்ரரி ஹாலில் அறுபது எழுபது பேர். சரிகை போட்ட மஞ்சள் பொன்னாடை. சுவரில் பெரிய திரை வைத்து, ஃப்ரீமான்ட்டிலிருந்து ஷைனை வீடியோவில் கூப்பிட்டிருந்தார்கள். அவன் எலிசாவைத் தூக்கிக் காட்டினான். முன்னைவிட மெலிந்திருந்தாள், கையில் ஊசி குத்திய இடத்தில் இன்னும் பிளாஸ்டர். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். ஜெஸ்மி பின்னால் நின்றிருந்தாள். அவள் கைதட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று தெரியாது என்பார்கள், எனக்குத் தெரிந்தது. போன வருடப் பொங்கல் மேடையில் அந்தக் கைதட்டல் எவ்வளவு இனித்ததோ, அன்று அவ்வளவும் என் முகத்தில் அறைந்த மாதிரி விழுந்தது. கூனிக் குறுகி நின்றேன், வயதானவரின் பணிவு என்று அதையும் பாராட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து பொன்னாடையை சோபாவில் போட்டேன். எழில் அதை எடுத்து உதறி, விரித்து, கைகளால் அளந்து பார்த்தாள். பிறகு நாலாக மடித்தாள். பீரோவில் வைப்பாள் என்று நினைத்தேன். கராஜுக்குப் போய், கார் டிக்கியைத் திறந்து உள்ளே வைத்தாள்.

“இது அங்க எதுக்கு?” என்று எரிந்து விழுந்தேன்.

“அன்னைக்கு என்ற ஷாலக் கட்டித்தானுங்களே நெழல் பண்ணுனோம். கால் வெளிய நின்னுது. இது அதவிட நீளம்” என்றாள்.

கேலியாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கேலியாகச் சொல்லவில்லை. இனியும் என்னோடு காரில் ஏறினால் வழியில் நிற்கவேண்டி வரும் என்று, மூன்று வருடமாக மனதில் வைத்திருந்ததற்கு ஏற்பாடு செய்தாள். நான் கராஜ் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஐம்பத்தெட்டு வயதில் வாய்விட்டு அழுதேன். அவள் பக்கத்தில் வந்து நின்றாள், தொடவில்லை.

“சொல்லிப்போடுங்க. என்னாலயும் முடியலீங்க” என்றாள்.

அங்கேயே போனை எடுத்தேன். முதலில் ஷீட்டைத் திறந்து, ஐம்பத்திரண்டு டிக்கையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். பிறகு குழுவில் எழுதினேன். பெரிதாக எழுதினால் அதிலும் ஏதாவது அலங்காரம் பண்ணிவிடுவேன் என்று பயம், அதனால் சுருக்கமாக எழுதினேன். நான் காரில் கலிபோர்னியா போனதே இல்லை. வேன் ஹார்ன் பக்கத்தில் கார் நின்று, எல் பாசோவிலிருந்து விமானத்தில் போனேன். ஷைன் குடும்பத்தை அனுப்பிய அந்த இடத்தை நான் பார்த்ததில்லை. ஒன்பது பர்சென்ட் கதை பொய். அவர்கள் திரும்பிப் போயிருக்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்தும், போகலாம் என்று நான்தான் சொன்னேன். அனுப்பிவிட்டேன்.

ஒவ்வொருவராகப் பார்ப்பது தெரிந்தது. நாற்பது பேர், நூறு பேர், இருநூறு பேர். யாரும் ஒன்றும் எழுதவில்லை. வெள்ளியங்கிரி ஏதோ டைப் செய்வதாகக் காட்டியது, நின்றுவிட்டது. ஷைன் பார்த்தான் என்றும் தெரிந்தது. அவனிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். ஊரே கூடித் திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

கடைசியில் வந்தது ஜெஸ்மியிடமிருந்து. அந்தக் குழுவில் அவள் அதற்கு முன் ஒரு வரிகூட எழுதியதில்லை.

“அன்னைக்கு போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு அங்கிள். நீங்க பதில் சொல்ல ரொம்ப நேரம் எடுத்தீங்க. அப்போ என்ன யோசிச்சீங்க?”

எழில் என் தோளுக்கு மேலிருந்து அதைப் படித்தாள். பதில் எழுதுவதற்கான இடம் காலியாகத் திறந்திருந்தது. ‘தெரியாது’ என்று டைப் செய்தேன். எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் அதை அழித்தேன்.